பின்னுக்கு நான் இருப்பன்

பின்னுக்கு நான் இருப்பன், எண்டு சொன்னாள். அவ்வளவுதான் சொன்னது. சொல்லிப்போட்டு, நான் போட்டுப் பாத்துக்கொண்டு நிண்ட லைஃப் ஜக்கெற்றை ரெண்டு தோளிலையும் பிடிச்சு மேல இழுத்தாள், அது ஒரே இழுவையில என்ர காதைத் தாண்டி வந்திட்டுது, நான் உள்ளுக்க ஆமை மாதிரித் தலையை இழுத்துக்கொண்டு நிக்கிறன். அவளின்ர முகத்தில ரத்தமில்லை. பெரிசு, கழட்டுங்கோ, எண்டாள். நான் கழட்டமுந்தித் தானே கிளிப்புகளைத் தட்டி உருவியெடுத்து, கமக்கட்டுக்க இடுக்கிக்கொண்டு, சாமான் வண்டிலோட லைனில நில்லுங்கோ வாறன் எண்டு கடையின்ர பின்பக்கம் நடந்திட்டாள். நான் லைனில நிக்கிறன். வேறென்ன செய்யிறது. சனிக்கிழமை மத்தியானம், அடுத்த கிழமை லோங் வீக்கென்ட், ரொறொன்ரோவில இருக்கிற வெள்ளைக்காரர் முழுப்பேரும் காட்டுக்க போய்ப் படுக்கிறதெண்டு இந்தக் காம்பிங் சாமான் கடைக்க வந்து நிக்கினம், காசு வாங்க ஒரேயொரு பெட்டை. என்ர கை வண்டில் பிடியில கிடக்குது, ஆனா அது என்ர கைதானோ எண்டு தெரியேல்ல. பின்னுக்கு இருப்பாளாம். ஆர், என்ர மனிசி தயாபரி. தீவுக்குப் போற ஃபெரியில ஏறமாட்டன் எண்டு கரையில நிண்டு சோளப்பொரி திண்டவள். நயாகராவில எல்லாரும் எட்டிப் பாக்கக் காருக்க இருந்து ஃபிளாஸ்கில தேத்தண்ணி ஊத்தினவள். கனூவில, துடுப்பு வலிக்கிற அந்த ஒடுங்கின வள்ளத்தில, பின்னுக்கு இருக்கிற ஆள்தான் அதை ஓட்டுற ஆள். அது எனக்குத் தெரியும், மாரி முழுக்க இருந்து படிச்சனான். முன்னுக்கு இருக்கிற ஆள் சும்மா இழுக்கிற மாடு. திருப்பிறது, நிப்பாட்டுறது, கரையில கொண்டுபோய் ஒட்டுறது எல்லாம் பின்னுக்கு. பின்னுக்கு நான், முன்னுக்கு அவள், அதுதான் என்ர திட்டம். நீர் சும்மா கையை மடியில வைச்சுக்கொண்டு வாத்துகளைப் பாரும், மிச்சத்தை நான் பாப்பன் எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்.

என்னெண்டு இது நடந்தது. கடைக்கு நடுவில ஒரு பச்சைக் கனூவை நிலத்தில வைச்சிருக்கினம், ஏறி இருந்து பாக்கிறதுக்கு. கடையில வேலை செய்யிற வெள்ளைக்காரப் பொம்பிளை, எங்கட வயசுதான் இருக்கும், நரைச்ச தலையை ஒற்றைப் பின்னலாப் பின்னினவ, முந்தி ஓட்டின அனுபவம் இருக்கோ எண்டு கேட்டா. நான் சொன்னன், எனக்கு ஓரளவு தெரியும், மனிசிக்குத் தண்ணியெண்டால் பயம், அவவுக்கு இருக்கிறதில மொத்தமான ஜக்கெற்றாப் பாத்துத் தாருங்கோ. ஓரளவு தெரியுமாம். புழுகுக்குக் குறைச்சலில்லை. வீடியோ பாத்தது அனுபவமெண்டால் நான் இருதய ஒப்பரேசனும் செய்வன். சொல்லி வாய் மூடேல்ல, திரும்பிப் பாக்கிறன், இவள் செருப்பைக் கழட்டி வைச்சிட்டுக் கனூவுக்க இறங்கிறாள். நடுவில காலை வைச்சு, நல்லாக் குனிஞ்சு, ரெண்டு விளிம்பையும் கையால பிடிச்சுக்கொண்டு. பின்பக்கம் போய் சீற்றில இருக்கேல்ல, சீற்றுக்கு முன்னால முழங்காலில இருந்தாள். சாத்திக் கிடந்த துடுப்புகளில ரெண்டு மூண்டை எடுத்துக் கையில பாரம் பாத்து, அலுமினியத்தைத் திருப்பி வைச்சிட்டு மரத்தை எடுத்தாள். பேந்து துடுப்பு வலிச்சாள். தண்ணியில்லாத நிலத்தில, வெறுங்காத்தில. துடுப்பு முன்னுக்குப் போய் இறங்கி, இடுப்போட பின்னுக்கு வந்து, கடைசியில கத்தி திருப்பினமாதிரி ஒரு திரும்பல். அந்தத் திரும்பல்தான் வள்ளத்தை நேர விடுறது. அதை நான் எத்தினை வீடியோவில நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்து, குசினியில கூட்டுற தும்புத்தடியை வைச்சுப் பழகி, இன்னும் பிடிபடேல்ல. தும்புத்தடியோட நான் நிக்க இவள் ஒதுங்கி நிண்டு கறி துளாவிக்கொண்டிருந்தவள். அந்தப் பொம்பிளை அசந்து போய், எங்க பழகினனீங்கள் எண்டு கேட்டா. தயா இங்கிலீசில சொன்னாள், ஒரு ஆத்தில, ராத்திரியில, கன ராத்திரி, எந்த நாடெண்டு எனக்குத் தெரியாது. பொம்பிளை சிரிக்கத் தொடங்கி, இவளின்ர முகத்தைப் பாத்திட்டுச் சிரிப்பை விட்டிட்டா. லைனில ரெண்டு அடி முன்னுக்கு வந்திட்டன், வண்டில் தானாப் போகுது.

எந்த நாடெண்டு தெரியாதாம். கன ராத்திரியாம். அப்ப பகலில எங்க இருந்தவள். பகலில கரையில ஏறித்தானே இருக்கவேணும், காட்டுக்க, ஒளிச்சு. அப்ப அதுவும் இதுதானே, கனூவில போறது, கரையில படுக்கிறது, நான் மாரி முழுக்கக் கனவு கண்டது, ஐயோ, அதை இவள் செய்து முடிச்சிட்டு வந்து எனக்குப் பக்கத்தில இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வீடியோவில பாத்ததெல்லாம் ஒரு கிழவனை. அந்தாள் ஒரு நாயோட தனியக் கனூவில போகும், ஒரு சொல்லுக் கதைக்காது, பின்னேரம் கரையில ஏறி ரென்ற்க் கூடாரம் அடிச்சு, சுள்ளி பொறுக்கித் தேத்தண்ணி வைக்கும், அவ்வளவுதான் வீடியோ. காலம் முழுக்க பிளாஸ்ரிக் ஃபக்ரறியில மெசின் இரைச்சலுக்க நிண்டவனுக்கு அந்தத் தண்ணிச் சத்தம் தேவாமிர்தம். பாரும் தயா, என்ன அமைதி, எண்டுவன். அவள் எழும்பிக் குசினிக்கப் போவாள். ஒருநாளில்லை, ஒவ்வொருநாளும் போனவள். சலிப்பாக்கும் எண்டு நினைச்சன், பயமாக்கும் எண்டு நினைச்சன், அடுப்பில ஏதும் கிடக்காக்கும் எண்டும் நினைச்சன். ஒருக்கா மட்டும் நிண்டு பாத்தவள். கிழவன் வள்ளத்தைக் கல்லுக்கு மேலால கரகரவெண்டு இழுத்துக் கரையேத்தினது. இப்பிடி இழுத்தாச் சத்தம் கேக்கும், எண்டாள். கேட்டா என்ன, அந்தக் காட்டுக்க ஆர் இருக்கினம், கரடிதான் இருக்கு, எண்டு நான் சிரிச்சனான். பரராசன் வந்திருந்த அண்டைக்கு, என்னோட வேலை செய்தவன், வாய்க்காரன், ஓடி வரேக்க எங்கட சனம் காட்டுக்க படுத்தது காணாதெண்டே இப்ப நீ காசு குடுத்துப் படுக்கப் போறாய் எண்டான், நாங்கள் ரெண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சம். வடைத் தட்டோட நிண்ட இவள் சிரிக்கேல்ல. இப்பதான் எனக்கு அது தெரியுது, இந்த லைனில நிக்கேக்க. தட்டை நீட்டி, சட்னி போதுமோ எண்டு கேட்டவள். சட்னி போதுமோவாம். நான் இன்னும் கொஞ்சம் கொண்டுவாரும் எண்டனான்.

கேக்கிறதில்லையே. எங்கட சனம் எல்லாத்தையும் கேக்கும். எந்த ஊர், ஊரில எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆரின்ர பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருசம் சோதினை எடுத்தனி, வீடு வாங்கியாச்சோ, ஏன் இன்னும் வாங்கேல்ல. விடுப்புக் கேக்கிறதில எங்களை வெல்ல ஆளில்லை. ஆனா என்னெண்டு வந்து சேந்தனி எண்டு மட்டும் ஒருத்தரும் ஒருத்தரையும் கேக்கிறதில்லை. அது ஒரு மரியாதை. தானாச் சொன்னாக் கேப்பம், சொல்லாட்டித் தேத்தண்ணி குடிப்பம். அதுவும் ஏஜென்சிக்குக் காசு கட்டிக் களவாத் தனிய வந்த பெட்டையெண்டால் வாயே திறக்கக்கூடாது, கேட்டாலே ஏதோ கேட்டமாதிரித்தான். கலியாணம் பேசேக்க என்ர அம்மா கேட்டவ, பெட்டை தனியவாம் வந்தது, வழியில கன நாள் நிண்டதாம், விசாரிப்பமோ எண்டு. நான் தான் வேண்டாம் எண்டனான். ஒண்டையும் கேக்கமாட்டன், எனக்கு அது தேவையில்லை எண்டனான். எவ்வளவு பெருந்தன்மை எண்டு எனக்கு என்னிலையே ஒரு மதிப்பு. அந்த மதிப்பை வைச்சுக்கொண்டுதானே இவ்வளவு காலமும் திரிஞ்சன். நான் வந்தது பிளேனில, வேற ஒருத்தன்ர பாஸ்போட்டில, பக்கத்தில இருந்த வெள்ளைக்காரன் எனக்கு ரொஃபி தந்தவன், அதைக்கூட நான் இவளுக்குச் சொன்னதில்லை, சொல்ல என்ன கிடக்கு. இவளும் அப்பிடித்தான் ஒரு பிளேனில, கொஞ்சம் சுத்தி வந்திருப்பாள் எண்டு நானே ஒரு பிளேனைப் பிடிச்சு இவளை அதுக்க ஏத்தி இறக்கிப்போட்டன். கேக்காமல் விட்டா ஒண்டும் நடக்காத மாதிரி. கோதாரி, நான் விடுப்புக் கேட்டிருக்கலாம். ஒரு விசரன் மாதிரி அண்டைக்கே கேட்டிருக்கலாம்.

ஏன் வரச் சம்மதிச்சவள். மகள் எனக்குப் பிறந்தநாளுக்கெண்டு ஏரிக்கரையில இடம் புக் பண்ணித் தந்தவள், படத்தைக் காட்டினவள், தயா அந்தப் படத்தைக் கையில வைச்சுக்கொண்டு கன நேரம் இருந்தவள். அக்கரை தெரியுமோ எண்டு கேட்டவள். தெரியும் எண்டு மகள் சொல்ல, சரி, அப்பாவைத் தனிய விடேலாது, நானும் வாறன் எண்டவள். தனிய விடேலாது. நான் அதை அன்பெண்டு நினைச்சு நல்லாக் குளிர்ந்து போனன். இப்ப பாத்தா அது வேற. என்ன வேற. கனூவுக்க ரெண்டு இடம். பின்னுக்கு ஒண்டு, முன்னுக்கு ஒண்டு. இவள் பின்னுக்கு இருந்தாளெண்டால் முன்னுக்கு ஆர் இருந்தது. இந்தக் கேள்வி எங்கயிருந்து வந்ததெண்டு தெரியேல்ல, வந்து நெஞ்சில மீன்முள்ளு மாதிரி நிக்குது. ஏஜென்சிக்காரனோ. அவங்கள் வள்ளம் வலிக்கமாட்டாங்கள், வலிக்க விட்டிட்டுக் கரையில நிப்பாங்கள். ஒரு பெடியனாக்கும். கன ராத்திரி ஒரு பெடியன்ர முதுகைப் பாத்துக்கொண்டு வலிச்சிருப்பாள். சீச்சீ, என்ன யோசினை இது, தலை நரைச்ச பிறகு, பேரப்பிள்ளை காணுற வயசில, வெக்கங்கெட்ட யோசினை. ஆனா ஆர். இவள் கொக்குவில்ப் பெட்டை, தபால் கந்தோர்க்காரரின்ர மகள், கிணத்துத் தண்ணியை விட வேற தண்ணி கண்டிருக்கமாட்டாள். ஆரோ பழக்கியிருக்க வேணும். ஆரோ பக்கத்தில படுத்திருக்க வேணும், மழைக்க, பொலித்தீனுக்குக் கீழ. முன்னுக்கு நிக்கிற மனிசன் தன்ர வண்டிலில இருந்து ஒவ்வொண்டா எடுத்து வைக்கிறான், மெல்லமா வை ராசா, அவள் வரமுந்தி என்ர முறை வந்திடக் கூடாது. வந்திட்டா நான் கேக்கமாட்டன். கிறெடிற் காட்டை நீட்டுவன், பையைத் தூக்குவன், காருக்க ஏறுவன், பிறகு ஒருநாளும் கேக்கமாட்டன், அது எனக்கு நல்லாத் தெரியும்.

ஃபோனை எடுத்து மகளுக்கு அடிச்சன். தாட்சாயணி. இஞ்ச பிறந்த பிள்ளைக்கு வைக்கிற பேரே அது. பள்ளிக்கூடத்தில ரீச்சர்மாருக்கு நாக்குச் சுளுக்கிச்சுது, பிள்ளை அழுதுகொண்டு வந்தது, அப்பா ஏன் எனக்கு மட்டும் ரயில் மாதிரிப் பேர் எண்டு. என்ர அம்மா ஆஷா, நிஷா எண்டு சின்னதா, ஸ்ரைலா ஒண்டு வைக்கச் சொன்னவ. எதிலையும் பிடிவாதம் பிடிக்காத தயா, அந்தப் பேருக்கு மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில இருந்துகொண்டு, சாப்பிடாமல், சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டு பிடிச்சவள். அம்மன்ர பேர்தானே, ஏதும் நேத்தி வைச்சிருப்பாள் எண்டு விட்டிட்டன். ஹலோ அப்பா, எண்டாள் மகள், எல்லாம் வாங்கியாச்சோ. பிள்ளை, அம்மா எப்பவாவது வள்ளம் ஓட்டினதெண்டு உனக்குச் சொன்னவவோ. அம்மாவோ. எங்கட அம்மாவோ. அப்பா, உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ, பிறஷர்க் குளிசை போட்டனீங்களோ. போட்டனான், எண்டன். பிறகு எடுக்கிறன் எண்டு வைச்சிட்டாள், ஆரோ கூப்பிட்டினமாம்.

வண்டிலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன், பாக்கிறதுக்கு வேற ஒண்டுமில்லை. நெத்தியில கட்டுற லைற் ரெண்டு வைச்சனான், ஒண்டுதான் கிடக்கு. ஊர் முழுக்க வெளிச்சம் அடிக்கிற பெரிய லைற்றையும் காணேல்ல. நான் வைச்ச ரென்ற் செம்மஞ்சள், தேடி வாறவைக்குத் தூரத்தில இருந்தே தெரியும் எண்டு வீடியோவில சொன்னவங்கள். இப்ப கிடக்கிறது பாசிப் பச்சை. அவள் மாத்தியிருக்கிறாள், நான் அடுப்புப் பாத்துக்கொண்டு நிக்கேக்க. நிறம் பிடிக்கேல்லையாக்கும் எண்டு, சீலை எடுக்கிறமாதிரி நினைச்சன். நாங்கள் ஆரும் தேடி வந்தாக் கண்டுபிடிக்கவேணும் எண்டு வாங்கிறம், அவள் ஆரும் கண்டுபிடிக்கக் கூடாதெண்டு வாங்கிறாள். கரடி திறக்கேலாத பீப்பா கிடக்கு, நுளம்புக்குப் பூசுறது கிடக்கு, ஆத்துத் தண்ணியை வடிச்சுக் குடிக்கிற குழாய் கிடக்கு. அவள் எங்க வடிச்சுக் குடிச்சவள். ஜக்கெற், அதுதான் கடைசியாப் போட்டுப் பாத்தது, பெரிய சைஸ். எங்கட ஆக்கள் எதையும் அளவா வாங்கிறதில்லையே. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினாலும் ஒரு சைஸ் கூட, சட்டை வாங்கினாலும் தோய்ச்சாச் சுருங்கும் எண்டு ஒரு சைஸ் கூட, லூசா எடு, உள்ளுக்கு ஸ்வெற்றர் போடலாம், அப்பிடி வளந்தவங்கள். லைஃப் ஜக்கெற்றும் அப்பிடித்தான் எடுத்தன், நல்ல தாராளமா, மூச்சு விட இடமிருக்க. அதைத்தான் அவள் இழுத்துப் பாத்து, முகம் வெளுத்து. ஒரு ஜக்கெற் பெரிசெண்டதுக்கு ஆரும் அப்பிடி முகம் வெளுக்குமே.

வாறாள். கூட்டத்துக்கால விலத்தி விலத்தி, கையில ஒரு சிவப்பு ஜக்கெற், பின்னல்காரப் பொம்பிளையும் பின்னால வந்து தூரத்தில நிக்கிறா. எனக்கு முன்னுக்கு நிண்ட மனிசன் காசு குடுத்து முடிச்சிட்டான். கையைத் தூக்குங்கோ, எண்டாள். இஞ்சயோ, எண்டன். இஞ்சதான், தூக்குங்கோ. லைனில நிக்கிற சனம் முழுக்கப் பாக்க நான் கையைத் தூக்கினன், சின்னப்பிள்ளைக்குச் சட்டை போடுறமாதிரி மாட்டினாள். கீழ்ப் பட்டியை இறுக்கினாள், நடுவை இறுக்கினாள், மேல இறுக்கினாள், எனக்கு மூச்சு முட்டுது. தோளில பிடிச்சு மேல இழுத்தாள். வரேல்ல. இன்னொருக்கா, கால்விரலில எழும்பி நிண்டு இழுத்தாள். ஜக்கெற் அசையேல்ல, நான்தான் சேர்ந்து எழும்பினன். காசு வாங்கிற பெட்டை, அடுத்த ஆள் வாங்கோ, எண்டுது. நான் போகேல்ல. தயா, எண்டன், நீர் பின்னுக்கு இருக்கேக்க முன்னுக்கு ஆர் இருந்தது.

அவள் என்ர முகத்தைப் பாக்கேல்ல. கையை மட்டும் பட்டியில வைச்சுக்கொண்டு நிண்டாள். தாட்சாயணி, எண்டாள். நான் மகளைச் சொல்லுறாள் எண்டு நினைச்சு, என்ன பிள்ளைக்கு, எண்டு கேக்க வாயெடுத்திட்டன். என்னைவிடச் சின்னவள், எண்டாள். வட்டக்கச்சிப் பெட்டை. கதைச்சுக்கொண்டே வருவாள், நான் வாயைப் பொத்தடி எண்டுவன். ஏஜென்சிக்காரன் அவளுக்குக் குடுத்தது பெரிய ஆம்பிளை ஒண்டின்ர ஜக்கெற். வள்ளம் பிரளேக்க நான் பிடிச்சனான். நல்லா இறுக்கித்தான் பிடிச்சனான். கையில ஜக்கெற் இருந்தது.

அவ்வளவுதான். அழேல்ல, குரலும் மாறேல்ல. வண்டிலைத் தான் பிடிச்சுத் தள்ளிக்கொண்டு போய்ப் பச்சை ரென்றையும் பீப்பாவையும் எடுத்து மேசையில வைக்கத் தொடங்கினாள். நான் பின்னால போனன், சிவப்பு ஜக்கெற்றோட, கை ரெண்டும் அரைவாசி தூக்கினபடி. காசு வாங்கிற பெட்டை ஜக்கெற்றைக் கழட்டித் தரச் சொல்லிச்சுது, தயா வேண்டாம் எண்டு தலையாட்டினாள். அது சிரிச்சுக்கொண்டு மேசைக்கு மேலால எட்டி, என்ர நெஞ்சில தொங்கின விலைச் சீட்டுக்கு லைற் அடிச்சுது. அந்த நேரம் பாத்து ஃபோன். பட்டிக்கு அடியில கிடந்த சேட் பொக்கற்றுக்க இருந்து கஷ்டப்பட்டு உருவி எடுத்தன். தாட்சாயணி எண்டு எழுதிக் கிடக்குது, அடிச்சுக்கொண்டிருக்குது. என்ர விரல் போகேல்ல. அந்தப் பேரை நான் எத்தினை ஆயிரம் தரம் கூப்பிட்டிருப்பன், சாப்பிட வா எண்டு, எழும்படி எண்டு, கதவைச் சாத்து எண்டு, அந்த நேரமெல்லாம் இவள் பக்கத்தில நிண்டவள். தயா எட்டி ஃபோனைப் பாத்தாள். எடுங்கோ, எண்டாள். பிள்ளையைக் காக்க வைக்காதேங்கோ.